560 001: இணைய முகவரிக்குள் எண்ணும் பெயரும்

2014 நவம்பர் 1 அன்று கர்நாடக அரசு பன்னிரண்டு ஊர்களின் பெயரை அதிகாரபூர்வமாக மாற்றியது. ஆங்கிலத்தில் பேங்களூர் என்று எழுதப்பட்டுவந்த ஊர் அன்றிலிருந்து பெங்களூரு. கடைப்பலகைகள் மாறின, லெட்டர்பேடுகள் மாறின. ராஜ்பவன் சாலைத் தலைமை அஞ்சலகத்துக்கு எழுதும் கடிதத்தில் ஒன்று மட்டும் மாறவில்லை: 560 001. அதற்குப் பதினெட்டு ஆண்டு முன்பு, 1996இல், மெட்ராஸ் சென்னையானபோதும் 600 001 அப்படியே இருந்தது. பின்கோடு நடைமுறைக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15இல். அன்று எழுதிய எண்ணை இன்று உறையின்மேல் எழுதினாலும் கடிதம் போய்ச் சேரும். ஊரின் பெயரை அரசு மாற்றலாம், மக்கள் மாற்றலாம், எழுத்துப் பிழையோடும் எழுதலாம். தபால் பிரிப்பவர் பார்ப்பது எண்ணைத்தான்.

நான் பெங்களூரில் பைத்தான் மொழியில் நிரல் எழுதிப் பிழைப்பவன். இணையதளம் கட்டும்போது நாங்கள் மிகக் குறைவாக யோசிக்கும் விஷயம் பக்கங்களின் முகவரி. நிறம், பொத்தான், வேகம் எல்லாவற்றுக்கும் கூட்டம் போடுவோம். முகவரி எப்படி இருக்க வேண்டும் என்பதை யாரோ ஒருவர் மாலை ஆறு மணிக்கு மேல் தானாக முடிவு செய்துவிடுவார். பத்து ஆண்டு கழித்து அந்தத் தளத்தில் எஞ்சியிருப்பது அந்த முடிவு மட்டும்தான், ஏனென்றால் வெளியே ஆயிரம் பேர் அந்த இணைப்பைப் பகிர்ந்திருப்பார்கள். வைய விரிவு வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998லேயே, நல்ல முகவரி என்றால் மாறாத முகவரி என்று ஒரு கட்டுரை எழுதி வாதாடினார். அதைப் படிக்காத புரோகிராமர் குறைவு, பின்பற்றியவர் அதைவிடக் குறைவு.

ஒரு பக்கத்தின் முகவரிக்கு இரண்டு வேலை உண்டு. இது எந்தப் பக்கம் என்று கணினிக்குத் தெரிய வேண்டும். திறக்காமலே உள்ளே என்ன இருக்கும் என்று மனிதருக்கு ஓரளவு தெரிய வேண்டும். முதலாவது அடையாளம், இரண்டாவது பெயர். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் பெயர் மாறும் நாளில் அடையாளமும் போய்விடும். பெங்களூரோடு தொடர்புள்ள இரண்டு திறந்தமூல மென்பொருள்களில் இந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பிரிவினை ஆங்கிலத்துக்கு ஒரு வசதி. தமிழுக்கு அது இல்லாமல் முடியாது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் வழி பிரிப்பது எப்படி என்று பார்த்துவிடலாம். கோரமங்களாவுக்கு ஒரு கடிதம்: 560 034. முதல் எண் 5 என்றால் ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம் அடங்கிய வட்டாரம். 560 என்றால் பெங்களூர். கடைசி மூன்று எண் விநியோகிக்கும் அஞ்சலகம். ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பவர் தனக்கான பகுதியை மட்டும் படித்து, மீதியை அடுத்தவரிடம் விட்டுவிடுகிறார். ஜாங்கோ என்ற பைத்தான் ஃப்ரேம்வொர்க்கும் இப்படியே வேலை செய்கிறது. முகவரியின் முன்பகுதி பொருந்தினால் அதை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை அந்தப் பிரிவுக்கான பட்டியலிடம் கொடுக்கும். நூல் மதிப்புரைக்கென்று எழுதிய பகுதிக்குத் தான் எந்தத் தளத்தில், எந்த முகவரிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறோம் என்பது தெரியாது, தெரியவும் வேண்டாம். அதனால்தான் அதே பகுதியைப் பெயர்த்து எடுத்து இன்னொரு தளத்தில் வைக்க முடிகிறது.

பட்டியலில் வரிசைக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஜாங்கோ மேலிருந்து கீழே படிக்கும், முதலில் பொருந்தியதோடு நின்றுவிடும். "நூல் என்பதற்குப் பிறகு எந்தச் சொல் வந்தாலும்" என்ற விதியை மேலேயும் "நூல், புதியது" என்ற விதியைக் கீழேயும் எழுதினால், புதிய நூல் சேர்க்கும் பக்கத்தை யாரும் பார்க்கவே முடியாது. 'புதியது' என்று ஒரு நூல் இருப்பதாக நினைத்துத் தேடி, கிடைக்கவில்லை என்று சொல்லிவிடும். ஃப்ளாஸ்க் என்ற மற்றொரு ஃப்ரேம்வொர்க்குக்கு அடியில் இருக்கும் வெர்க்ஸாய்க் நூலகம் இந்தப் பொறுப்பைத் தானே எடுத்துக்கொள்கிறது. எந்த விதி குறிப்பானதோ அதை முன்னால் வைத்துப் பார்க்கும்.

வழி பிரித்த பிறகு கடிதத்தை வாங்கும் ஆள் வேண்டும். அவர்தான் வியூ. கேட்ட பொருளைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்து, டெம்ப்ளேட்டில் பொருத்தி, பக்கமாகத் திருப்பித் தருவது அதன் வேலை. ஒரே வியூவை நூலுக்கும் ஆசிரியருக்கும் நிகழ்ச்சிக்கும் பயன்படுத்த வேண்டும் என்ற ஆசை எங்கிருந்து வந்தது என்று தேடினால், பதில் ஒரு செய்தித்தாள் அலுவலகம். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட் என்ற நாளிதழில் 2003இல் அட்ரியன் ஹோலவாட்டியும் சைமன் வில்லிசனும் தொடங்கிய வேலைதான் 2005 ஜூலையில் ஜாங்கோவாக வெளியே வந்தது. செய்தியறையில் மதியம் கேட்ட தளம் மாலையில் தயாராக வேண்டும். பட்டியல் பக்கம், தனிப் பக்கம், ஆண்டுவாரி, மாதவாரி, நாள்வாரித் தொகுப்பு என்று திரும்பத் திரும்ப ஒரே மாதிரிதான் எழுத வேண்டியிருந்தது. அதனால் அவற்றைப் பொதுவான வியூக்களாக எழுதிவைத்தார்கள். செய்திக்கு ஆசிரியர் குழு வைக்கும் சிறு அடையாளச் சொல்லை அங்கே ஸ்லக் என்பார்கள். ஜாங்கோ அந்தச் சொல்லை முகவரியின் கடைசித் துண்டுக்கு வைத்தது, அதுவே உலகெங்கும் பரவியது. நாம் இன்று முகவரியில் தலைப்பை எழுதும் பழக்கத்துக்குள் ஒரு நாளிதழின் அவசரம் இருக்கிறது.

முதலில் இந்தப் பொது வியூக்கள் ஃபங்ஷன்களாக இருந்தன. ஒவ்வொரு புதுத் தேவைக்கும் ஒரு புது அளவுருவைச் சேர்த்துச் சேர்த்து அவை தாங்க முடியாமல் பெருத்தன. 2011 மார்ச்சில் வந்த 1.3 பதிப்பு அவற்றைக் கிளாஸ்களாக மாற்றியது. தேவையான ஒரே ஒரு படியை மட்டும் நாம் மாற்றி எழுதலாம், மீதியைத் தாய் கிளாஸ் பார்த்துக்கொள்ளும். 2013இல் வந்த 1.5 பதிப்பில் பழையவற்றை எடுத்தே விட்டார்கள்.

இதே கிளாஸ் யோசனை 1.3 பதிப்புக்கு ஐந்து ஆண்டு முன்பே இன்னொரு சின்ன ஃப்ரேம்வொர்க்கில் இருந்தது. அதன் பெயர் வெப்.பை. ஆரோன் ஸ்வார்ட்ஸ் எழுதியது. ரெடிட் தளத்தை 2005 டிசம்பரில் லிஸ்ப் மொழியிலிருந்து பைத்தானுக்கு மாற்றி எழுதியபோது பிறந்தது. 2006 ஜனவரியில் எந்த உரிமையும் கோராமல் பொதுவெளியில் விட்டார். அதைத் திறந்து பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். முகவரிகளின் பட்டியல் என்பது வெறும் ஜோடிகள்: ஒரு வடிவம், ஒரு கிளாஸின் பெயர். அந்த கிளாஸுக்குள் படிக்கக் கேட்டால் 'கெட்', எழுதி அனுப்பினால் 'போஸ்ட்' என்று ஹெச்டிடிபி நெறிமுறையின் சொற்களே மெத்தடுகளின் பெயர்களாக இருக்கும். முகவரி என்பது ஒரு பொருள், கெட்டும் போஸ்ட்டும் அந்தப் பொருளிடம் நாம் கேட்கும் வேலை என்ற எண்ணம் அந்த நாலைந்து வரியில் அப்படியே தெரியும். கிளாஸில் போஸ்ட் எழுதப்படவில்லை என்றால், அந்த முகவரி இருக்கிறது, ஆனால் இங்கே எழுத முடியாது என்று பொருள்படும் 405 பதில் தானாகவே போகும். அந்த முகவரியே இல்லை என்னும் 404க்கும் இந்த 405க்கும் உள்ள வேறுபாட்டை எனக்கு எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

வெப்.பையை ஸ்வார்ட்ஸோடு சேர்ந்து வளர்த்து, பிறகு நெடுங்காலம் பராமரித்தவர் பெங்களூரைச் சேர்ந்த மென்பொருளாளர் ஆனந்த் சிட்டிபோத்து. பைகான் இந்தியா மாநாடு முதன்முதலாக நடந்ததும் இந்த ஊரில்தான், 2009 செப்டம்பரில், இந்திய அறிவியல் கழக வளாகத்தில். பேங்பைப்பர்ஸ் என்ற உள்ளூர்க் குழு அதற்கும் முன்பிருந்தே கூடிப் பேசிக்கொண்டிருந்தது. பெங்களூர் என்றால் வெளியூருக்கு வேலை செய்து கொடுக்கும் ஊர் என்று எழுதுபவர்கள், உலகம் முழுவதும் பயன்படுத்திய ஒரு ஃப்ரேம்வொர்க்கின் பிழைகள் இங்கே உட்கார்ந்து திருத்தப்பட்டன என்பதைச் சொல்வதில்லை. 2013 ஜனவரி 11இல் ஸ்வார்ட்ஸ் இறந்தார், இருபத்தாறு வயதில். அவர் எழுதித் தொடங்கிய வரிகள் இன்றும் ஓடுகின்றன.

எங்கே ஓடுகின்றன என்றால், ஓப்பன் லைப்ரரியில். உலகில் வெளியான ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பக்கம் என்ற லட்சியத்தோடு 2007இல் இண்டர்நெட் ஆர்க்கைவ் தொடங்கிய தளம் அது. ஆனந்த் அங்கே பணியாற்றினார். வெப்.பையின்மேல் இன்ஃபோகாமி என்ற விக்கி மென்பொருள், அதன்மேல் ஓப்பன் லைப்ரரி என்று மூன்று அடுக்கு. இன்ஃபோகாமியின் நிரலைப் படித்த நாள் எனக்கு நினைவிருக்கிறது, ஏனென்றால் முகவரியைப் பற்றி நான் நினைத்திருந்ததை அது தலைகீழாக்கியது.

மற்ற தளங்களில் தரவுத்தளத்துக்கு ஒரு சாவி, முகவரிக்கு ஒரு வடிவம், இரண்டையும் இணைக்க ஒரு பட்டியல் இருக்கும். இன்ஃபோகாமியில் முகவரியே சாவி. 'ஸ்லாஷ் ஆதர்ஸ் ஸ்லாஷ் ஓஎல்1ஏ' என்ற பாதையின் பெயரில்தான் அந்த ஆசிரியரின் விவரம் சேமிக்கப்பட்டிருக்கும். அதைத் தேடிப் பிடிக்கத் தனி விதி எழுத வேண்டியதே இல்லை. எடுத்த பொருளுக்கு ஒரு வகை உண்டு: பதிப்பு, படைப்பு, ஆசிரியர். வகையைப் பார்த்து டெம்ப்ளேட் தேர்வாகும். அதே முகவரியின் கடைசியில் கேள்விக்குறி போட்டு 'எம் சமம் எடிட்' என்றால் திருத்தும் பக்கம், 'ஹிஸ்டரி' என்றால் திருத்த வரலாறு. பாதையின் முடிவில் புள்ளி வைத்து ஜேசன் என்றால் அதே தகவல் நிரல்கள் படிக்கும் வடிவில் வரும். ஒரு திருத்த வியூ, ஒரு வரலாற்று வியூ எழுதினால் போதும், நூலுக்கும் ஆசிரியருக்கும் உதவிப் பக்கத்துக்கும் அதுவே ஓடும். தேடல் போன்ற தனிப் பக்கங்களுக்கு முகவரி அந்தந்த கிளாஸுக்குள்ளேயே ஒரு வரியாக எழுதப்பட்டிருக்கும். கிளாஸை எழுதியதுமே அது தன்னைத் தானே பட்டியலில் பதிந்துகொள்ளும். ஜாங்கோவில் எல்லா வழிகளையும் ஓரிடத்தில் பார்க்கலாம் என்ற வசதி இதில் இல்லை. புதிதாக வருபவர் ஒரு பக்கத்தின் நிரல் எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் அலைய வேண்டும். என் மனம் இதில் ஜாங்கோவின் பக்கம்தான்.

அந்தச் சாவிகளைக் கவனியுங்கள். பதிப்பு என்றால் எண்ணுக்குப் பின்னால் எம், படைப்பு என்றால் டபிள்யூ, ஆசிரியர் என்றால் ஏ. எண்ணைப் பார்த்ததுமே எந்த வகை என்று தெரிந்துவிடும். நூலின் தலைப்பு அதில் இல்லவே இல்லை. ஆனால் தளத்தில் ஒரு நூலைத் திறந்தால் எண்ணுக்குப் பின்னால் இன்னொரு சாய்கோடும் தலைப்பும் இருக்கும். நிரலுக்குள் இதற்கென்று ஓர் இடைத்தட்டு உட்கார்ந்திருக்கிறது. உள்ளே வரும் முகவரியிலிருந்து தலைப்பை உருவி எடுத்துவிட்டு எண்ணை மட்டும் அனுப்பும், வெளியே போகும்போது தலைப்பைச் சேர்த்துவிடும். தலைப்பைத் தப்பாக அடித்தாலும், அடிக்காமலே விட்டாலும், சரியான நூலே வரும். உள்ளிருக்கும் எந்த வியூவுக்கும் தலைப்பு என்று ஒன்று முகவரியில் வந்ததே தெரியாது.

தொடக்கத்தில் அந்த முகவரிகள் சுருக்கமாக இருந்தன: நூலுக்கு 'பி', ஆசிரியருக்கு 'ஏ' என்று ஒற்றை எழுத்து. பிறகு 'புக்ஸ்', 'ஆதர்ஸ்' என்று முழுச்சொல்லாக்கினார்கள். எண் மாறாததால் பழைய முகவரியைப் புதியதற்குத் திருப்பிவிடுவது சிரமமில்லாமல் முடிந்தது. சென்னை வீட்டுக் கதவுகளில் 'பழைய எண், புதிய எண்' என்று இரண்டையும் எழுதி வைத்திருப்பார்களே, அதே ஏற்பாடு. தபால்காரர் எதைப் படித்து வந்தாலும் அதே வாசல்.

இரண்டாவது சான்று ஹேஸ்கீக். கிரண் ஜொன்னலகட்டா 2010இல் பெங்களூரில் தொடங்கிய நிறுவனம். ரூட்கான்ஃப், ஜேஎஸ்ஃபூ, ஃபிஃப்த் எலிஃபன்ட் போன்ற தொழில்நுட்ப மாநாடுகளை நடத்தியவர்கள் இவர்கள்தான். தங்கள் தளத்தின் நிரலைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். ஃப்ளாஸ்க்கின்மேல் எழுதிய அந்தத் தளத்தில் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளைக் கோஸ்டர் என்ற தனி நூலகமாகப் பிரித்திருக்கிறார்கள். ஃப்ரேம்வொர்க் தராததைத் தாங்களே செய்துகொள்ளும் இந்த வேலையில்தான் ஓர் ஊரின் மென்பொருள் முதிர்ச்சி தெரியும் என்பது என் எண்ணம்.

மாநாட்டில் பேச வருபவர் முன்மொழிவு அனுப்புகிறார். தலைப்பு ஒன்று வைக்கிறார். பார்த்தவர்கள் கருத்துச் சொல்கிறார்கள், தலைப்பைத் திருத்துகிறார். தேர்வான பிறகு மறுபடியும் திருத்துகிறார். இதற்குள் அந்த இணைப்பு பத்து இடத்துக்குப் போயிருக்கும். கோஸ்டர் இதற்காகச் சில ஆயத்தக் கூறுகளை வைத்திருக்கிறது. ஒன்றைச் சேர்த்தால் பொருளின் முகவரி எண், சிறுகோடு, தலைப்பு என்ற வடிவில் அமையும். பின்னால் வந்த இன்னொன்றில் தலைப்பு முன்னால், அடையாளக் குறியீடு கடைசியில். வியூ பக்கத்திலும் கூறுகள் உண்டு: முகவரியின் எந்தத் துண்டு மாடலின் எந்தப் புலத்துக்குச் சமம் என்று ஒரு சிறு அட்டவணை எழுதினால், பொருளைத் தேடி எடுக்கும் வேலை முடிந்தது. வேறொரு கூறு, வந்த முகவரியைப் பொருளின் இன்றைய சரியான முகவரியோடு ஒப்பிட்டு, வேறுபட்டால் புதியதற்குத் திருப்பிவிடும். பழைய தலைப்போடு வந்தவர் புதிய தலைப்புள்ள முகவரியில் போய் நிற்பார், இடையில் நடந்தது அவருக்குத் தெரியாது.

ஓப்பன் லைப்ரரியும் ஹேஸ்கீக்கும் ஒன்றையொன்று பார்த்து எழுதின என்று நான் சொல்லவில்லை. ரெடிட்டும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவும்கூட எண்ணை நம்பி, தலைப்பை அலங்காரமாக வைத்திருக்கும் தளங்கள்தாம். பொதுவான வியூ வேண்டும் என்று கேட்டுக்கொண்டே போனால் எல்லோரும் இங்கேதான் வந்து சேர்கிறார்கள். வியூவுக்குத் தேவை அசையாத ஒரு பிடி. தலைப்பு அந்தப் பிடியாக இருக்க முடியாது.

இனி தமிழுக்கு வருகிறேன்.

ஜாங்கோவில் தலைப்பை ஸ்லக்காக மாற்றித் தர ஸ்லக்கிஃபை என்ற ஃபங்ஷன் இருக்கிறது. தமிழ் எழுத்தைக் கொடுத்தால் அது எல்லாவற்றையும் கழித்துவிட்டு வெறுமையைத் திருப்பித் தரும். 2015 டிசம்பரில் வந்த 1.9 பதிப்பில் யூனிகோடை அனுமதிக்க ஒரு விருப்பம் சேர்த்தார்கள். தமிழுக்கு விடிந்தது என்று நினைத்தேன். 'தமிழ்' என்று கொடுத்துப் பார்த்தேன். 'தமழ' என்று வந்தது. 'பெங்களூர்' என்று கொடுத்தேன். 'பஙகளர'.

காரணம் ஜாங்கோவுக்கும் கீழே, பைத்தானில் இருக்கிறது. சொல்லுக்குள் வரத்தக்க எழுத்து எது என்று ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து வடிவங்களைத் தேடும் விதி) கேட்கும்போது, பைத்தானின் வழக்கமான நூலகம் எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் மட்டும் ஏற்கிறது. யூனிகோடில் நம் 'த'வும் 'ம'வும் எழுத்து என்ற வகை. கொம்பு, கால், சுழி, புள்ளி ஆகியவை குறி என்ற வகை. குறிகள் சொல்லின் பகுதி இல்லை என்று அந்த நூலகம் முடிவு செய்துவிட்டது. உயிர்க்குறி அத்தனையும் உதிர்ந்து, அகரமேறிய மெய் மட்டும் மிஞ்சுகிறது. படி, பாடு, பிடி, பீடு, போடு எல்லாம் 'பட' ஆகிவிடும். கால், காலை, கூலி, கேலி, கோலி எல்லாம் 'கல'. ஸ்லக்கையே அடையாளமாக வைத்த தளத்தில், பாட்டைப் பற்றிய கட்டுரைக்கு 'பாடு' என்றும் மீனைப் பற்றியதற்கு 'பிடி' என்றும் தலைப்பு வைத்தால், இரண்டாவதைச் சேமிக்க முடியாது, அல்லது இரண்டும் ஒரே வாசலில் மோதும். ஏட்டுச்சுவடிகளிலும் புள்ளி இராது, குறிலா நெடிலா என்று சில இடங்களில் தெரியாது. ஆனால் சுவடி படித்தவருக்குத் தமிழ் தெரியும், இடம் பார்த்து நிரப்பிக்கொண்டார். வழி பிரிக்கும் நிரலுக்கு அது முடியாது.

சேமிக்கும் இடத்திலும் அதே வேலி. யூனிகோடை அனுமதிக்கும் ஸ்லக் புலத்தில் 'தமிழ்' என்று கையால் அடித்தாலும் சரிபார்ப்பு அதை மறுக்கும், உள்ளே அதே ரெகுலர் எக்ஸ்பிரஷன்தான். 2017 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பு முகவரி எழுதும் முறையை எளிதாக்கி, ஸ்லக் என்றொரு மாற்றியையும் தந்தது. அது ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு, அடிக்கோடு தவிர எதையும் ஏற்காது. தமிழ் முகவரி வந்தால் 404. நிர்வாகப் பக்கத்தில் தலைப்பை அடிக்க அடிக்க ஸ்லக்கைத் தானே நிரப்பும் ஒரு நிரல் உண்டு. கிரேக்கம், ருஷ்யம், அரபு, போலிஷ், ஜார்ஜியம் எழுத்துகளுக்கெல்லாம் அதில் ஆங்கில மாற்று அட்டவணை இருக்கிறது. நான் பார்த்த பதிப்புகளில் இந்திய மொழி ஒன்றுகூட இல்லை. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. தங்கள் மொழிக்காக யார் வந்து அட்டவணை எழுதிக் கொடுத்தார்களோ அவர்களுடையது சேர்ந்தது. நாம் எழுதிக் கொடுக்கவில்லை.

சரி, ஆங்கில எழுத்துக்கு மாற்றிவிடலாமே என்றால், கோஸ்டர் அதைத்தான் செய்கிறது. யூனிடிகோட் என்ற நூலகத்தின் வழியாக எந்த மொழித் தலைப்பையும் ஆங்கில எழுத்தாக்கும். அந்த நூலகம் எழுத்துக்கு எழுத்து மாற்றுவது, மெய்க்குள் இருக்கும் அகரம் அதற்குத் தெரியாது. 'மரம்' என்று கொடுத்தால் எம், ஆர், எம் என்று மூன்று எழுத்து வரும். படிப்பவருக்கு அது எதையும் சொல்லாது. பெயர் செய்ய வேண்டிய ஒரே வேலையும் நடக்கவில்லை.

தமிழ் எழுத்தையே முழுசாக வைத்துக்கொள்ளும் தளங்களின் கதை வேறு. தமிழ் விக்கிப்பீடியா அப்படித்தான், உலாவியின் முகவரிப்பட்டையில் அழகாகத் தெரியும். நகலெடுத்து வாட்ஸாப்பில் ஒட்டிப் பாருங்கள், விழுக்காட்டுக் குறிகளின் நீண்ட வரிசை கொட்டும். எழுத்தோ குறியோ, யூனிகோட் தனியாக எண்ணும் ஒவ்வொரு தமிழ் அலகும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் மூன்று எழுத்தாகிறது. ஆக ஓர் அலகுக்கு ஒன்பது. 'தமிழ்' என்ற சொல் கணினிக்குத் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என்று ஐந்து அலகு, நாற்பத்தைந்து எழுத்து. 'பெங்களூர்' எண்பத்தொன்று. வேர்ட்பிரஸ்ஸில் ஸ்லக்குக்கு உச்சவரம்பு 200 எழுத்து. இருபத்திரண்டு தமிழ் அலகுக்குமேல் அதில் இடமில்லை. தமிழ் இணைய இதழ்களின் முகவரிகள் தலைப்பின் மூன்றாவது நான்காவது சொல்லில் முறிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஆசிரியர் குழுவின் கவனக்குறைவு அன்று.

ஆகவே தமிழ்த் தளத்தில் தலைப்பை அடையாளமாக நம்பக் கூடாது. எண்ணை முன்னால் வையுங்கள், தலைப்பைப் பின்னால் தொங்க விடுங்கள். ஜாங்கோவில் இதற்கு எதையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தனிப் பக்கம் காட்டும் டீட்டெய்ல்வியூ என்ற பொது வியூவுக்கு எண்ணும் ஸ்லக்கும் சேர்ந்து வந்தால், அது இயல்பாகவே எண்ணை மட்டும் பார்த்துப் பொருளை எடுக்கும், ஸ்லக்கைக் கண்டுகொள்ளாது. ஸ்லக் மாற்றியை விட்டுவிட்டு, சாய்கோடு தவிர எதையும் ஏற்கும் 'எஸ்டிஆர்' மாற்றியைப் போட்டால் தமிழும் உள்ளே வரும். கோஸ்டர் செய்வதுபோல் இன்றைய சரியான முகவரிக்குத் திருப்பிவிடும் நாலு வரியை ஒரு மிக்ஸின்னாக எழுதி, கட்டுரைக்கும் நூலுக்கும் எழுத்தாளருக்கும் அதையே சேர்க்கலாம். அந்த நாலு வரியை விட்டுவிட்டால் ஒரே பக்கம் பல முகவரிகளில் கிடைக்கும், தேடுபொறிகள் எது அசல் என்று தடுமாறும்.

இதற்கும் ஒரு விலை உண்டு. 1, 2, 3 என்று வரிசையாகப் போகும் எண் என்றால் யார் வேண்டுமானாலும் ஒவ்வொன்றாக அடித்து எல்லாவற்றையும் பார்க்கலாம். இன்னும் வெளியிடாத பக்கங்கள் இருக்கின்றனவா, மொத்தம் எத்தனை என்று எண்ணலாம். எண்ணும் ஸ்லக்கும் இரண்டுமே பொருந்தினால்தான் திற என்று கட்டாயப்படுத்தும் விருப்பத்தை ஜாங்கோ 1.8இல் சேர்த்தது இதற்காகத்தான். அதைப் போட்டால் தலைப்பு மறுபடியும் அடையாளத்தின் பாதியாகிவிடும், தமிழுக்கு மறுபடியும் சிக்கல். கோஸ்டரின் பிந்திய வடிவம் எனக்குப் பிடித்தது இந்த இடத்தில்: வரிசை எண்ணுக்குப் பதிலாக ஊகிக்க முடியாத 128 பிட் குறியீடு. அதை ஒன்றுக்கொன்று மயங்கும் எழுத்துகளைத் தவிர்த்த ஐம்பத்தெட்டு எழுத்துகளால் எழுதினால் இருபத்திரண்டு எழுத்துக்குள் அடங்கிவிடும். பூஜ்யமும் பெரிய 'ஓ'வும் அதில் கிடையாது. தொலைபேசியில் வாசித்துக் காட்டினாலும் அந்த இரண்டில் குழப்பம் வராது.

எண் முன்னால் வந்ததும் தலைப்புத் துண்டு சிதைந்தாலும் பக்கம் திறக்கும். அதற்காகத் 'தமழ' என்று விட்டுவைக்க எனக்கு மனமில்லை. பைத்தானின் இந்தக் குறையை 2007லேயே ஒருவர் பிழைப்பட்டியலில் பதிந்தார், தேவநாகரிச் சொற்கள் துண்டு துண்டாகச் சிதறுவதைக் காட்டி. யூனிகோடின் பரிந்துரை குறிகளையும் சொல்லின் பகுதியாகவே கொள்கிறது. 'ரெஜெக்ஸ்' என்ற தனி நூலகம் அந்தப் பரிந்துரையின்படி எழுதப்பட்டது. அதைப் போட்டால் தமிழ் தமிழாகவே வரும். அது வேண்டாம் என்றால் ஒவ்வோர் அலகின் யூனிகோட் வகையைப் பார்த்து எழுத்து, குறி, எண் மூன்றையும் வைத்துக்கொண்டு மற்றதைச் சிறுகோடாக்கும் ஃபங்ஷன் ஐந்து வரி. நான் எழுதும் ஒவ்வொரு திட்டத்திலும் முதல் நாளே அதைச் சேர்க்கிறேன். கூடவே ஒரு சோதனையும்: 'பெங்களூர்' உள்ளே போக வேண்டும், 'பெங்களூர்' வெளியே வர வேண்டும். பக்கத்தில் இருக்கும் கன்னட நண்பர் அதன்கீழ் தன் எழுத்தில் இன்னொரு வரி சேர்த்தார். அவர்கள் எழுத்திலும் கொம்பும் சுழியும் குறி வகைதான், அங்கேயும் அதே சொல் இதேபோல்தான் உதிர்ந்துகொண்டிருந்தது. இப்போது இரண்டு வரியும் பச்சையாக ஓடுகின்றன.